தறிக்குழிக்கு வந்த அரசுத் தண்ணீர்

அபிதகுசாம்பாள் என்ற முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறவர் எங்கள் தெருவுக்கே ரேஷன் கடைக்காரர் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் அவள் குசாம்பா. வயது ஐம்பதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். ஆரணியில் கிழக்குப் பாவடித் தெருவில், ஓடைப் பக்கத்துக் கடைசி வீடு அவளுடையது. பிறந்தது தேவிகாபுரத்தில், தறிக்காரக் குடும்பத்தில். வேலுவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். வேலு விசைத்தறிக் கூடத்துக்குக் கூலிக்குப் போகிறவர். வீட்டில் இருக்கும் பட்டுத்தறி அவளுடையது. "வேலு தறி" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அங்கேயே திருத்துவாள். "தறி என்னுது. அவரு இந்த ஊட்ல வாடகைக்கு இருக்காரு" என்பாள். வேலு சிரித்துக்கொண்டே வெளியே போய்விடுவார்.

நான் எதிர் வீடு. ஜரிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். இந்தக் கதையை எழுதும்போது ஒருவனுக்குக் கோபம் வரவில்லை என்றால் அவன் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டுத்தறியைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் தறி தரைமட்டத்தில் இருக்கும். அதன் முன்னால் தரையில் ஒரு குழி. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, அடியில் இருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். கால் அழுத்தினால்தான் பாவு என்கிற நெடுக்கு இழைகள் பிரியும், நாடா நடுவே ஓடும். குழி இல்லாவிட்டால் தறி வெறும் மரச் சட்டம். அபிதகுசாம்பாள் காலையில் குழிக்குள் கால் விட்டால் சோற்றுக்குத்தான் எடுப்பாள். மகள் தேவிப்ரியாவை நர்சிங் படிக்க வைத்ததும், ஓட்டு வீட்டுக்குத் தளம் போட்டதும் அந்தக் குழியில் உட்கார்ந்துதான்.

இனி அரசாங்கத்துக்கு வருவோம். மண் அரித்துப் போகாமலும் மழைநீர் வீணாகாமலும் காப்பாற்ற ஊர் ஊராக நிதி ஒதுக்குகிறார்கள். ஓடைக்குத் தடுப்பணை, கொல்லைக்கு வரப்பு, ஏரிக்கு வரத்துக்கால் என்று அந்தப் பணத்தில் எவ்வளவோ செய்யலாம். வேண்டாம் என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்லமாட்டான். ஆனால் எங்கள் பக்கம் மழை ஐப்பசியில் வரும். பணம் பங்குனியில் வரும். மார்ச் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் அது வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஆகவே தண்ணீர் எங்கே நிற்க வேண்டும் என்று மண்ணைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. லாரி எங்கே சீக்கிரம் போய்ச் சேரும் என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் லாரி நன்றாகப் போகும்.

அந்த வருஷம் மாசிக் கடைசியில் முதலில் வந்து சேர்ந்தது கல்வெட்டு. ஓடையில் ஒரு மண்வெட்டி கூட விழாத நேரத்தில், கருப்புக் கல்லில் 'பணி நிறைவுற்றது' என்று செதுக்கிக் கொண்டுவந்து கரையில் நட்டுவிட்டார்கள். பிறகுதான் ஜல்லி வந்தது, கம்பி வந்தது. பார்த்துக்கொள்ள ராஜேஷ் என்று ஓர் இளம் இன்ஜினியர் வந்தார். குறை சொல்லக் கூடாது, மரியாதையாகப் பேசுகிறவர். ஆனால் பைக்கை ஸ்டாண்டு போடக்கூட அவருக்கு நேரம் இருக்காது. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே வேலை சொல்வார்.

அபிதகுசாம்பாள் வேலை ஆட்களுக்குக் குண்டானில் மோர் கரைத்துக்கொண்டு போனாள். ராஜேஷுக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாங்க சார், இங்க கட்டறீங்க? இது ஊருக்கு ஒட்டினாப்புல இருக்கே."

"உங்க தெருவுக்கு நல்லதுதானேம்மா. போர்ல எல்லாம் தண்ணி ஏறும். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள முடிச்சாகணும், கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

அவளுக்கும் சந்தோஷம், தெருவுக்கும் சந்தோஷம். பொய் சொல்வானேன், எனக்கும்தான். எங்கள் தெருவில் போர் வற்றிப் பல வருஷம் ஆகிறது. பட்டு அலசக்கூட லாரித் தண்ணீரை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற ஜனம் நாங்கள். கவுன்சிலர் ஜெயவேல் வந்து தேங்காய் உடைத்தார். சொன்ன தேதிக்குள் அணை முடிந்துவிட்டது, ராஜேஷும் போய்விட்டார்.

கார்த்திகை மழையில் ஓடை புரண்டு வந்தது. அணைக்குப் பின்னால் தண்ணீர் கரை தொட நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, தறிக்குக் கற்பூரம் காட்டக் குனிந்த அபிதகுசாம்பாள் குழிக்கு அடியில் என்னமோ மினுங்குவதைப் பார்த்தாள். தண்ணீர். கணுக்கால் நனைகிற அளவுக்கு, கல் தெரிகிற மாதிரி தெளிந்த தண்ணீர்.

தறிக்காரர்களுக்குக் குழி சாமி இருக்கிற இடம். செருப்புக் காலோடு அதில் யாரும் இறங்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு மஞ்சளும் குங்குமமும் உண்டு. அந்த இடத்தில், அதுவும் இத்தனை வருஷம் காய்ந்து கிடந்த தெருவில், ஊற்று கிளம்பினால் மனுஷி என்ன நினைப்பாள்? வேறு தொழில் செய்கிறவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் வாளியைத் தேடுவார்கள். எங்கள் ஆட்கள் கற்பூரத்தைத் தேடினார்கள்.

"கங்காதேவி வந்துட்டா" என்று அவள் தெருவில் வந்து சொன்னாள். அரை மணி நேரத்தில் தெருவே அவள் வீட்டில் இருந்தது. குழி ஓரத்தில் கோலம், நாலு மூலையிலும் மஞ்சள் பிள்ளையார், தண்ணீரில் ஒரு முழம் மல்லிகை. பெண்கள் சொம்பில் மொண்டு பூஜை அறைக்கு எடுத்துப் போனார்கள். ஜெயவேல் யாருக்கோ போன் போட, கொஞ்ச நேரத்தில் ராஜேஷ் வந்து சேர்ந்தார். அன்றைக்குத்தான் அவர் பைக்குக்கு ஸ்டாண்டு போட்டதை நான் பார்த்தேன்.

"அம்மா, தட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. தண்ணி தெரியணும். சிரிங்க" என்றார் செல்போனை நீட்டி.

அவள் கற்பூரத் தட்டைத் தூக்கிப் பிடித்தாள். வாய் நிறையச் சிரித்தாள். இடம், தேதி, நேரம் எல்லாம் படத்தின் அடியிலேயே விழுந்துவிடுகிற போட்டோ அது. ராஜேஷ் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

கங்காதேவி வந்ததோடு நிற்கவில்லை. மறுவாரம் முழங்கால் அளவு வந்தாள், அதற்கடுத்த வாரம் இடுப்பளவு. வேலு விடியற்காலையில் எழுந்து வாளி வாளியாக இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் கூடத்துக்குப் போவார். அவர் தெரு முனை திரும்புவதற்குள் குழி பழையபடி நிரம்பிவிடும். அணையில் நிற்கிற தண்ணீரை வாளியால் இறைத்து முடிக்க முடியுமா? மிதிப் பலகைகள் ஊறி உப்பின. தரை ஓதம் பாவுக்கு ஏறியது. பாதி நெய்த சேலையில் ஜரிகைக் கரை ஓரமாகக் கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நல்ல ஜரிகைதானே இது? உன் கடைதானே?"

"எங்க கடைதான். ஜரிகை மேல குத்தமில்ல குசாம்பா. ஈரம் பட்டா வெள்ளி கறுத்துடும்" என்றேன். அவள் அந்தக் கரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பாவு கொடுத்திருந்த முதலாளி ஆளை அனுப்பினார். அவர் மேலும் தப்பு சொல்ல முடியாது, அவருக்குச் சேலை போக வேண்டிய இடம் இருக்கிறது. பாவை அறுத்துச் சுருட்டி எடுத்துப் போனார்கள். தறி காலியானது. அன்று மாலை அபிதகுசாம்பாள் தலையை முடிந்துகொண்டு அணை கட்டிய ஆபீசுக்குப் போனாள். துறையின் பெயரை எழுதி என்ன ஆகப்போகிறது, விட்டுவிடுகிறேன். துணைக்கு நானும் போனேன்.

அவள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். அணையின் நடுவில் கொஞ்சம் உடைத்து உயரத்தைக் குறைத்துவிட்டால் போதும். தண்ணீர் வழிந்து கீழே போகும், ஆற்றில் சேரும், குழி காயும். தறி ஓடும்.

ராஜேஷ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அதில் இவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், கையில் கற்பூரத் தட்டு. கீழே 'நிலத்தடி நீர் உயர்வால் மகிழ்ச்சியில் திளைக்கும் பயனாளி' என்று எழுதியிருந்தது.

"நீங்களே பூஜை போட்டீங்களேம்மா" என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"பூஜ போட்டேன் சார். கணுக்காலு தண்ணிக்குப் போட்டேன். இடுப்புத் தண்ணிக்குப் போடல."

"அதுக்கு இப்ப என்ன பண்றது? அணை உயரத்தைக் குறைச்சா கட்டின அளவும் பில்லு அளவும் ஒத்துப்போகாது. மேல கேள்வி வரும். என் வேலைக்கே ஆபத்து."

"உங்க வேல போவக் கூடாது. என் வேல போலாமா?"

அவர் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேறு சமயமாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் அணை மேல் ஒரு பெரியவர் நின்று, தேங்கிய தண்ணீரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு. அபிதகுசாம்பாள் போய் யார் என்று விசாரித்தாள். சடையப்பன் என்றும், சந்தவாசல் போகிற வழியில் கொல்லைமேடு என்ற சிற்றூர் என்றும் சொன்னார். இந்த ஓடை பிறக்கிறதே அவர்கள் ஊர்க் கொல்லையில்தானாம்.

"இது எங்க ஊரு அணம்மா" என்றார் அவர்.

"இன்னா சொல்றீங்க?"

"எங்க ஊருக்குத்தான் சேங்சன் ஆச்சி. கிராம சபையில தீர்மானம் போட்டு, எடம் அளந்து, சுண்ணாம்புக் கோடு கூடப் போட்டுட்டுப் போனாங்கோ. அப்பால ஆளக் காணோம். ரெண்டு வருசமா தேடிகினு இருக்கேன். இங்க வந்து ஒக்காந்துகினு இருக்குது."

ஏன் இங்கே வந்தது என்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. கொல்லைமேட்டுக்கு நல்ல பாதை கிடையாது. லாரி போக வேண்டுமென்றால் முதலில் பாதை போட வேண்டும். பாதை போட்டு அணை கட்டுவதற்குள் மார்ச் முடிந்துவிடும். ஒரே ஓடைதானே, மேலே கட்டினால் என்ன, கீழே கட்டினால் என்ன என்று ஆபீசில் யாரோ நினைத்திருக்கிறார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். இங்கே பிள்ளையாரும் அந்தத் தேங்காயைக் கேட்கவில்லை.

அபிதகுசாம்பாள் அவர் ஊரைப் பார்க்க வேண்டும் என்றாள். மறுநாள் அவர், அவள், நான் என மூவரும் சந்தவாசல் பஸ்ஸில் போய், இறங்கி, வெகுதூரம் நடந்தோம். சரிவான கொல்லைகள். அவ்வளவு மழை பெய்திருந்தும் கிணறுகளில் தவளை குதிக்கத் தண்ணீர் இல்லை. பெய்த மழை நிற்காமல் ஓடியிருக்கிறது, போகும்போது மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது. சடையப்பன் வேர்க்கடலை போட்டிருந்த இடத்தில் கடலைச் செடிகள் வேர் தெரிய அந்தரத்தில் நின்றன. சுண்ணாம்புக் கோடு போட்டதாக அவர் சொன்ன இடத்தில் ஓடை இரண்டு ஆள் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போயிருந்தது.

"எங்க மண்ணு உங்க ஊட்டாண்ட வந்து படிஞ்சிருக்கும்மா. அணைக்குப் பின்னால போய்ப் பாரு, செவப்பா இருக்கும்" என்றார்.

"அண்ணே, நீங்க ஒரு மனு எழுதுங்க, நான் ஒண்ணு எழுதறேன். ரெண்டு பேரும் ஒண்ணா போயி குடுக்கலாம்" என்றாள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் இருவரும் வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நின்று கொடுத்தார்கள். அவருடையதில் 'எங்கள் ஊரில் தண்ணீர் இல்லை, அணையை எங்களுக்குக் கட்டுங்கள்'. இவளுடையதில் 'என் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது, அணையைக் குறையுங்கள்'. ஒரே ஓடை, ஒரே தப்பு, இரண்டு முனை. சின்னப் பிள்ளையிடம் கொடுத்தால்கூடச் சேர்த்துப் படித்து அர்த்தம் சொல்லியிருக்கும். பதில் தபாலில் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பதில். ஓடையின் மேல்பகுதியில் நீர்மட்டம் குறைவாகவும் கீழ்ப்பகுதியில் கூடுதலாகவும் இருப்பதால் சராசரி நீர்மட்டம் திருப்திகரமாக உள்ளது, ஆகவே மனுக்கள் முடித்து வைக்கப்படுகின்றன.

சடையப்பன் தனக்கு வந்ததைப் படித்துவிட்டுப் போன் போட்டு, "சரியாத்தான் சொல்லிக்கிறாங்கோ. தங்கச்சி காலு நனஞ்சா எனக்குத் தாகம் தீந்துடுமாம்" என்றார். எனக்கு இங்கே வந்த காகிதத்தைக் கிழிக்க வேண்டும் போல் இருந்தது. அபிதகுசாம்பாள் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

அவள் விடவில்லை. ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். அவள் தலையைக் கண்டாலே ராஜேஷ் எழுந்து நிற்கத் தொடங்கிவிட்டார். கடைசியில் ஒரு வழி சொன்னார். குழியில் நிற்கும் தண்ணீரை மாதா மாதம் அளந்து பதிவு செய்வோம், அதிகாரப்பூர்வமாகப் பதிவானால்தான் மேலே எழுதி நடவடிக்கை எடுக்க முடியும் என்றார். அவளும் நம்பினாள். நானும்தான் நம்பினேன். ஓர் ஆள் நீலப் பெயிண்டோடு வந்து அவள் வீட்டுச் சுவரில் 'கண்காணிப்புக் கிணறு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நம்பரும் போட்டான்.

"இது கெணறு இல்லப்பா, தறிக்குழி" என்றாள் அவள்.

"செல்போன் ஆப்புல கெணறுன்னுதான்கா இருக்குது" என்றான் அவன்.

அதன் பிறகு தருமன் என்ற ஒப்பந்த ஊழியர் மாதம் ஒரு முறை வருவார். டேப்பைக் குழிக்குள் விடுவார், செல்போனில் நம்பர் போடுவார், அவள் கொடுக்கும் காபியைக் குடிப்பார், போவார். நடவடிக்கை ஒன்றும் வரவில்லை. கோடையில் தண்ணீர் இறங்கினாலும் குழியில் சேறு காயவில்லை. அடுத்த ஐப்பசியில் மறுபடி நிரம்பியது. நல்ல அளவு தண்ணீர் இருப்பதாகக் கணக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணக்கைக் காட்டித் துறைக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூட வந்ததாகத் தருமனே சொன்னார்.

தறியை மேலே தூக்கி மேடை போட்டு வைக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். யோசனை சொல்ல யாருக்குக் கஷ்டம்? அவள் வீட்டுக் கூரைத் தளம் தாழ்வானது. தறியைத் தூக்கினால் மேல் சட்டம் தளத்தில் இடிக்கும். அவள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குத் தார் சுற்றும் கூலிக்கு, அதாவது நாடாவுக்குள் வைக்கிற நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கப் போக ஆரம்பித்தாள். தறிக்காரர்களுக்குத் தெரியும், அது சிறுமிகளும் கண் தெரியாத கிழவிகளும் செய்கிற வேலை. தெருவில் நடக்கும்போது அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் போனாள். வாய்க்கு வாய் பதில் சொல்லும் குசாம்பா வாயே திறக்காமல் போனதைப் பார்த்தவன் நான்.

அடுத்த மார்கழியில், வீட்டுச் சுவரில் ஓதம் ஏறி விரிசல் விடத் தொடங்கியதும், அவள் முடிவெடுத்தாள். தெருவில் ஒரு வீடு இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செங்கல் துண்டுகளையும் மண்ணையும் கூடையில் சுமந்து வந்து குழியில் கொட்டினாள். முதல் கூடையைக் கொட்டுவதற்கு முன் மிதிகளைக் கழற்றி, துடைத்து, பரணில் வைத்தாள். வேலு உதவிக்கு வந்தபோது, "வேணாம். இது என்னுது" என்றாள். மூடி முடிக்கிறவரைக்கும் அழவில்லை. மண்ணைத் தண்ணீர் தெளித்துக் கெட்டிக்கும்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே கெட்டித்தாள்.

தை மாதம் தருமன் வந்தார். டேப்பை எடுத்தவர் தரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னாக்கா, மூடிட்டீங்க?"

"ஆமா."

"இப்ப நான் இன்னா போடறது?"

"மூடிட்டாங்கன்னு போடு."

அவர் செல்போனை அவளிடம் காட்டினார். அந்த ஆப்பில் நம்பர் போடத்தான் இடம் இருக்கிறது. மூடப்பட்டது என்று போட இடம் இல்லை. ஒன்றும் போடாமல் விட்டால் அவருக்கு அந்த மாதச் சம்பளம் வராது. பாவம், பிள்ளைகுட்டிக்காரர். பூஜ்யம் என்று போட்டார். மாசியிலும் பூஜ்யம் போட்டார்.

பங்குனி பிறந்தது. ஒரு காலையில் ஓடைப் பக்கம் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் ஜேசிபி நிற்கிறது. முதல் அணைக்குச் சற்றுக் கீழே, எங்கள் தெருவின் மறுமுனைக்கு நேராக, கரையிலிருந்து குறுக்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ராஜேஷ் பைக்கில் ஒரு காலை ஊன்றி நின்றார்.

அபிதகுசாம்பாள் தார் சுற்றிய கையோடு வந்து நின்றாள். "இன்னா சார் இது?"

"இன்னொரு தடுப்பணைம்மா. வருஷக் கடைசி நிதி கொஞ்சம் மிச்சம் இருந்தது. உங்க தெருவுக்கே வாங்கிட்டேன்."

"எங்களுக்கு எதுக்கு சார் இன்னொண்ணு? இருக்கறதே நெஞ்சு மட்டும் நிக்குது."

"நீங்க அப்படி நினைக்கறீங்க. ஆனா உங்க தெருவுல நீர்மட்டம் மோசமா இறங்கிடுச்சும்மா. தையிலேர்ந்து ரீடிங் ஜீரோ."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. எனக்கு அவளுக்கு முன்பே புரிந்துவிட்டது.

"எங்க ஊட்டு ரீடிங்கா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அது தண்ணி எறங்கல சார். நான் மூடிட்டேன். இதே கையால மூடிட்டேன்."

ராஜேஷ் ஹெல்மெட்டைக் கழற்றினார். மெதுவாகச் சொன்னார், "அது எனக்குத் தெரியாதும்மா. மேல எல்லாருக்கும் வறட்சின்னுதான் போயிருக்கு. சேங்சன் ஆயிடுச்சு. இப்ப நிறுத்த முடியாது."

அவள் நேரே வீட்டுக்கு வந்தாள். சடையப்பனுக்குப் போன் போட்டுப் பேசினாள். என்ன பேசினாள் என்று வேலுவுக்கே தெரியாது.

மறுநாள் காலை ஜேசிபி டிரைவர் வேலையைத் தொடங்க வந்தபோது, தோண்டிய வானத்தின் விளிம்பில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, முதுகை நேராக வைத்து, தறியில் உட்காருவது மாதிரி. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தான். பிறகு இறங்கி வந்து கெஞ்சிப் பார்த்தான். அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு ராஜேஷுக்குப் போன் போட்டான். அதற்குள் எங்கள் தெரு ஜனம் கரை மேல் சேர்ந்துவிட்டது. வேலு கூடத்துக்குப் போகவில்லை. ஜெயவேலும் வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

முதல் பஸ்ஸில் சடையப்பன் வந்தார். கொல்லைமேட்டிலிருந்து பத்துப் பதினைந்து பேர், பெண்கள்தான் அதிகம், மண்வெட்டியும் கூடையுமாக வந்திருந்தார்கள். ராஜேஷ் வந்து இறங்கியதும் அவர்தான் முதலில் பேசினார்.

"சார், இதே ஜல்லி, இதே சிமிட்டி. எங்க ஊருக்குக் கொண்டாந்து கட்டுங்க. கோடு போட்ட எடம் அப்படியே கெடக்குது."

"பெரியவரே, அங்க லாரி போகாது. மார்ச் முடியப் போகுது."

"லாரி போற மாதிரி பாத நாங்க வெட்டித் தறோம். இன்னிக்கே ஆரம்பிக்கறோம். உங்ககிட்ட ஒரு பைசா கேக்கல."

"எடம் மாத்தணும்னா மேல எழுதி, உத்தரவு வந்து... அதுக்குள்ள பணம் திரும்பிடும்."

"போன தபா எங்க ஊர்லேர்ந்து இங்க மாத்தினீங்களே, அதுக்கு எவ்ளோ நாளு ஆச்சி?" என்றார் சடையப்பன்.

கரை மேல் யாரோ சிரித்தார்கள். ராஜேஷ் தள்ளிப் போய் போனில் பேசினார். வெகுநேரம் பேசினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து, வானத்தின் அருகில் குந்தி உட்கார்ந்தார். அவர் குரலில் அதிகாரம் இல்லை. பயம்தான் இருந்தது.

"அம்மா, மேல கேக்கறேன்னு சொல்லியிருக்காங்க. ஆனா அதுவரைக்கும் இங்க வேலை நிக்கக் கூடாதாம். தயவு செஞ்சு எழுந்திருங்க. நாள் ரொம்பக் கம்மியா இருக்கு. எனக்கு அவசரம் புரியுதா?"

அபிதகுசாம்பாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் ஒருவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"புரியுது சார். உங்களுக்கு அவசரம். தறி ஓடிகினு இருந்தா எனக்கும் அவசரமாத்தான் இருந்திருக்கும். இப்ப எனக்கு இன்னா வேல, சொல்லுங்க?"